உன் அத்தா அருவிக்கு ஏறி வந்த கதை

கும்மிடிப்பூண்டி,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

என் கண்ணு சிஃபாவுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் அத்தாவும் இதை எழுதுகிற நிமிஷம் வரை சுகமாக இருக்கிறோம், அதே சுகத்தை அங்கே அயர்லாந்தில் உனக்கும் மருமகன் நியாஸுக்கும் என் பேத்தி மின்ஹாவுக்கும் அவன் குறைவில்லாமல் தர வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மின்ஹாவுக்கு இருமல் நின்றதா? இரவில் மார்புக்கும் முதுகுக்கும் ஓமம் வறுத்துக் கட்டி ஒத்தடம் கொடு, சூட்டை முதலில் உன் கையில் வைத்துப் பார்த்துக்கொள். ஃபோன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தை எடுத்தாள் என்று யோசிப்பாய். நியாஸின் பெரியம்மா மகன் அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருகிறாராம், ஏதாவது சாமான் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார், கறி மசாலாப் பொடியும் கொஞ்சம் வடகமும் மின்ஹாவுக்கு இரண்டு ஃப்ராக்கும் கட்டி வைத்திருக்கிறேன், அதோடு இதையும் வைத்துவிடலாம் என்று தோன்றியது. இன்னொரு காரணமும் உண்டு. ஃபோனில் நான் உன்னிடம் பேச ஆரம்பித்தால் அத்தா வந்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், அவரைப் பற்றி அவரை வைத்துக்கொண்டே நான் எப்படிப் பேசுவது.

அஸ்கர் மாமா நம் குடும்ப குரூப்பில் போட்ட ஃபோட்டோவைப் பார்த்துவிட்டு நீ போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மனுஷனைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் தலையில் மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டி அருவியில் நிற்க வைத்திருக்கிறீர்களே, உங்களுக்கு என்ன பைத்தியமா என்று கேட்டாய். நீ கேட்டதில் தப்பில்லை, உன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கத்தியிருப்பேன். ஆனால் ஒன்று தெரிந்துகொள், அவரை நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவராகத்தான் வந்தார். எப்படி வந்தார் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி, நடுவில் பயப்படாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்த கதைதான்.

இரண்டு வருஷமாக அத்தா எப்படி இருந்தார் என்பது உனக்குப் பாதிதான் தெரியும். நீ ஃபோன் செய்யும்போதெல்லாம் நல்லா இருக்கேன்மா என்பார், சிரிப்பார். ஃபோனை வைத்ததும் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நானும் விட்டேன். பொன்னேரி டாக்டரம்மா மாசாமாசம் பார்த்துவிட்டு, ரத்தம் எல்லாம் நன்றாக இருக்கிறது பாய், தினமும் நடங்க, கடைக்குப் போங்க, வழக்கம்போல இருங்க என்று சொல்லித்தான் அனுப்புவார். இவர் ஹாலில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடப்பார், திடீரென்று நின்று நெஞ்சில் கை வைத்துக்கொள்வார், உள்ளே ஏதோ சத்தம் கேட்க வேண்டும் என்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிற ஆட்கள் எல்லாருக்கும் கையுறையும் பூட்ஸும் ஹெல்மெட்டும் விற்ற மனுஷன், இந்த பைபாஸில் ஹயாத் பாஷா கடை என்றால் தெரியாதவர்கள் இல்லை, அவர் கடைப் பக்கமே போவதில்லை. எபினேசரும் அஸ்கரும்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். போன வருஷம் நீ வந்திருந்தபோது மின்ஹா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தாத்தா தாத்தா என்று நின்றது நினைவிருக்கிறதா, இவர் குனிந்து முத்தம் கொடுத்துவிட்டு நிமிர்ந்துகொண்டார், தூக்கவில்லை. களைப்பு என்று நீ நினைத்தாய். களைப்பில்லை சிஃபா, பயம். குழந்தையைக் கையில் வைத்திருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் என்று பயம். என்னிடம் சொல்லிவிட்டு அன்றைக்கு அழுதார், உன்னிடம் சொல்லாதே என்றார், சொல்லவில்லை. நானும் அவரோடு சேர்ந்து வீட்டோடு உட்கார்ந்துவிட்டேன். பழவேற்காட்டில் சாச்சி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போய்ச் சாப்பிட்டதும் திரும்பி ஓடி வந்தேன். எனக்கும் மூச்சு முட்டத்தான் செய்தது.

இப்படி இருக்கும்போதுதான் பொங்கல் லீவு முடிந்து வந்த வாரம் எபினேசர் வந்து, கடை ஆட்கள் எல்லாரும் ஒரு நாள் எங்கேயாவது போய் வரலாம் என்று ஆசைப்படுகிறோம், தடாவைத் தாண்டி மலையில் அருவி இருக்கிறதே, மழை முடிந்து இப்போது தண்ணீர் தெளிவாக இருக்கும், அக்காவும் வரணும் என்றான். இத்தனை வருஷம் இங்கேயிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரத்தில் இருந்துகொண்டு நான் அந்த அருவியைப் பார்த்ததில்லை. போகணும் என்று எனக்கு ஒரே ஆசை வந்துவிட்டது. அஃபீஃபா மாமி வேறு, வாங்க அண்ணி, நடக்கிற வழி சின்னதுதான், ஆனா கொஞ்சம் பாறை ஏறணும், நான் கையப் புடிச்சிக்கினு கூட்டிப் போறேன் என்று ஏற்றிவிட்டாள். நான் போயிட்டு வரட்டுங்களா என்று அத்தாவிடம் கேட்டேன். போயேன், நான் இன்னா வாணாம்னா சொன்னேன் என்றார். ஆனால் அன்றைக்குக் காலையில் எல்லாரும் வேனில் ஏறுகிற நேரம் இவரும் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். நான் வேன்லயே குந்திக்கினு இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க என்றார். எனக்குக் காரணம் தெரியும். வீட்டில் தனியாக இருக்கப் பயம். எபினேசர் முன் சீட்டைத் துடைத்துவிட்டான்.

வேன் கடை வேன்தான், ஓட்டினது குப்புராஜ். மறுநாள் ஒரு ஃபேக்டரிக்குக் கொடுக்க வேண்டிய சரக்கு, ஹெல்மெட் மூட்டையும் நைலான் கயிறுச் சுருளும், பின்னால் அப்படியே கிடந்தது, அதன்மேல்தான் பிரியாணி டப்பாவை வைத்துக்கொண்டு போனோம். ஆரம்பாக்கத்தில் நாஷ்டா. அப்புறம் ஆந்திரா எல்லை, தடாவில் இடது பக்கம் திரும்பி, வயல், தோப்பு, அதற்கப்புறம் திடீரென்று மலை. வனத்துறை ஆட்கள் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்துத்தான் விட்டார்கள். வண்டி நிற்கிற இடத்தில் ஒரு பெரிய மரத்தடியில் குப்புராஜ் வேனை நிறுத்தினான், அத்தாவுக்கு ஃபிளாஸ்க்கில் டீ, மாத்திரைப் பை, பேப்பர் எல்லாம் பக்கத்தில் வைத்து, அவனையும் துணைக்கு விட்டுவிட்டு நாங்கள் கிளம்பினோம். கடைப் பையன்கள் முன்னாலேயே ஓடிவிட்டார்கள். பின்னால் நான், அஃபீஃபா, அஸ்கர், எபினேசர், அவன் பெண்டாட்டி விக்டோரியா, இவ்வளவு பேர்தான். நான் புர்காவை மடித்து வேனில் வைத்துவிட்டுத் தொளதொள சுடிதாரும் தலைக்கு ஊதா ஸ்கார்ஃபும் கட்டியிருந்தேன், காலில் அஃபீஃபாவின் பழைய ஷூ. எபினேசரைக் கேட்காதே, காட்டுக்குப் போகிறோம் என்று கடையிலிருந்து இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூவை மாட்டிக்கொண்டு வந்திருந்தான், முதல் ஓடையைத் தாண்டுவதற்குள்ளேயே, மாட்டுக்கு லாடம் அடிச்ச மாதிரி கீதேய்யா உன் நடை என்று விக்டோரியா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

வழி ஆரம்பத்தில் ஒன்றுமே இல்லை, நிழல், சருகு, இரண்டு பக்கமும் மூங்கில். ஓடை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறி வரும், கல் மேல் கால் வைத்துத் தாண்ட வேண்டும், தண்ணீர் அவ்வளவு தெளிவு, கூழாங்கல்லை எண்ணலாம், சின்ன மீன்கள் வந்து காலைக் கடித்துப் பார்க்கின்றன. ஒரு குரங்கு வந்து விக்டோரியா கையிலிருந்த கொய்யாப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் அவள் எதிரிலேயே உட்கார்ந்து தின்றது. இவ்வளவுதானா, இதற்கா பயமுறுத்தினார்கள் என்று நினைத்தேன். அதற்கப்புறம்தான் வழி தன் வேலையைக் காட்டியது. பாதை என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. வீடு வீடாகப் பாறை, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கிறது, இடுக்கில் தண்ணீர் ஓடுகிறது. வேரைப் பிடித்துக்கொண்டு ஏறணும், உட்கார்ந்து சறுக்கி இறங்கணும், ஒரு இடத்தில் பாறையை அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகரணும், கீழே பச்சையாக ஆழமான மடு. நான் பிஸ்மி சொல்லிக்கொண்டே நகர்ந்தேன். தூரம் என்று பார்த்தால் நம் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகிற தூரம்கூட இருக்காது, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் யோசிக்கணும். ஆனாலும் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உடம்பெல்லாம் வேர்த்து, கை எரிந்து, ஒரு பாறை மேல் ஏறி நின்றபோது, மேலே எங்கேயோ அருவிச் சத்தம் கேட்டது. நான் இவ்வளவு செய்வேனா என்று எனக்கே சிரிப்பு வந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் கவனம் தப்பியது. அடுத்த பாறைக்குக் கால் மாற்றும்போது நான் மிதித்த கல் உருண்டுவிட்டது, கால் இடுக்குக்குள் போய்விட்டது, உருண்ட கல் ஷூ மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. வலியைவிட, கால் வரமாட்டேன் என்கிறதே என்பதுதான் முதலில் தெரிந்தது. முழங்கால்வரை தண்ணீர். அஸ்கர் பயந்துபோய் என் இரண்டு கையையும் பிடித்து இழுத்தான், நான் போட்ட கூச்சலில் காடே அடங்கிவிட்டது. இழுக்காதீங்க, வுடுங்க அண்ணிய என்று அஃபீஃபா அவனைத் தள்ளிவிட்டாள். ஃபோனில் சிக்னல் இல்லை. நான் கீழே போய் ஆளக் கூட்டிக்கினு வரேன் என்று எபினேசர் கிளம்பினான், அந்த ஷூவோடு அவன் என்றைக்குப் போய்ச் சேருவது, கொஞ்ச தூரத்தில் இறங்கிக்கொண்டிருந்த தெலுங்குப் பையன்களிடம் விஷயத்தைச் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். சிஃபா, எனக்கு ஒரு பக்கம் கால் மரத்துக்கொண்டு வருகிறது, இன்னொரு பக்கம் மனசு எங்கே இருக்கிறது தெரியுமா, சாயந்தரம் அவருக்கு மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பார்கள், எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாதே என்று. அஃபீஃபா தண்ணீரில் குப்புறப் படுத்துவிட்டாள். தோள்வரை கையை அந்த இடுக்குக்குள் விட்டு, தலை முழுக்க நனைந்து, ஷூ நாடாவைத் தேடினாள். முடிச்சு தண்ணீரில் ஊறி இறுகிவிட்டது. விக்டோரியாவின் சாவிக்கொத்தில் ஒரு நகவெட்டி இருந்தது, அதில் இருக்கிற சின்னக் கத்தியால் ஒவ்வொரு இழையாக அறுத்தாள். அண்ணி, விரல உள்ள மடக்குங்க, பயப்படாதீங்க, மெல்ல, மெல்ல என்று சொல்லிக்கொண்டே என் குதிகாலைப் பிடித்து வெளியே கொண்டுவந்துவிட்டாள். ஷூ அங்கேயே நின்றுவிட்டது. கணுக்காலில் தோல் உரிந்து கொஞ்சம் வீக்கம், எலும்புக்கு ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பெண்ணுக்கு நீ ஒரு ஃபோன் போட்டுப் பேசு, நான் சொன்னேன் என்று சொல்லாதே.

இனி கீழே நடந்ததை குப்புராஜ் எனக்குச் சொன்னபடி சொல்கிறேன். அவன் ஊத்துக்கோட்டைப் பக்கம், தெலுங்கு நன்றாகத் தெரியும். அந்தப் பையன்கள் இறங்கி வந்து, மேலே வயசான ஒரு பெத்தம்மா பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது, உங்க ஆளா பாருங்க என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அத்தா கதவைத் திறந்து, இன்னாடா சொல்றாங்க என்று கேட்டிருக்கிறார். இவன் மழுப்பப் பார்த்திருக்கிறான். அவங்க தலைல இன்னா கலர் துணி கட்டிக்கினு இருந்தாங்கன்னு கேளுடா என்றாராம். ஊதா என்று பையன்கள் சொன்னதும் அவ்வளவுதான். வேன் பின்கதவைத் திறந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார், கயிறுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டார், நட என்றார். பாய், நீங்க இருங்க, நான் போறேன், உங்களுக்கு ஒன்னு ஆச்சுன்னா அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன் என்று இவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறான். அவளே மேல மாட்டிக்கினு கீறா, யாருக்குடா பதில் சொல்லப் போற என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டாராம். வனத்துறை ஆள் ஒருத்தரும் கூடவே வந்திருக்கிறார். வேறு வழியில்லாமல் குப்புராஜ் தண்ணீரையும் மாத்திரைப் பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடியிருக்கிறான். வழியில் ஒரு தடவைகூட நெஞ்சில் கை வைக்கலக்கா, நான் பாத்துக்கினேதான் வந்தேன் என்றான். மூச்சு வாங்கினால் நிற்பாராம், இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே பார்ப்பாராம், மறுபடி நடப்பாராம். நான் பிஸ்மி சொல்லி நகர்ந்த அந்தப் பாறை ஓரத்தில் மட்டும், வனத்துறை ஆள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாராம்.

இது எதுவும் தெரியாமல் நான் ஒரு பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு விக்டோரியா பையில் மிச்சம் இருந்த கொய்யாப்பழத்தைத் தின்றுகொண்டிருக்கிறேன். கீழே இரண்டு பாறைக்கு நடுவில் மஞ்சளாக என்னமோ தெரிகிறது. அப்புறம் அது ஏறுகிறது. ஹெல்மெட்டுக்குக் கீழே உன் அத்தா முகம், செக்கச் சிவந்து, தாடியெல்லாம் வேர்வை. எனக்குக் கத்தத்தான் வந்தது. அய்யோ, இன்னாங்க இது, யாரு உங்கள ஏறி வரச் சொன்னது, உங்களுக்கு அறிவு கீதா என்று கத்தினேன். அவர் வந்து என் எதிரில் தண்ணீரிலேயே மண்டி போட்டு உட்கார்ந்தார், பேண்ட் நனைகிறதே என்றுகூடப் பார்க்கவில்லை, என் காலைத் தூக்கி மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒவ்வொரு விரலாக அசைத்துப் பார்த்தார். வலிக்குதா என்றார். இல்லை என்றேன். வலிக்குதான்னு கேட்டேன், உண்மையச் சொல்லுடி என்றார். கொஞ்சம் என்றேன். அப்புறம்தான் அவர் மூச்சு விட்டார். விட்டதும் வலது கை தானாகப் போய் நெஞ்சில் உட்கார்ந்தது. எங்கள் எல்லாருக்கும் உயிரே போய்விட்டது, குப்புராஜ் மாத்திரைப் பையைத் திறந்தேவிட்டான். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு, வீட்டில் செய்வாரே அதே மாதிரி, ரொம்ப நேரம் கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, ரஷீதா, இது நல்லா அடிக்குதுடி என்றார். ஏதோ கடையில் புதுச் சரக்கு வந்து இறங்கியிருக்கிற மாதிரி, அவ்வளவு ஆச்சரியமாகச் சொன்னார். இவ்ளோ ஏறி வந்துட்டேன், ஒன்னும் ஆவல, நல்லா அடிக்குது பாரு என்று என் கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். தம்பி, விக்டோரியா, வனத்துறை ஆள் எல்லாரும் நிற்கிறார்கள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, ஆனால் கையை எடுக்கவில்லை. திடுதிடு என்று அடித்துக்கொண்டிருந்தது, நல்ல கெட்டியான சத்தம்.

சரி மச்சான், கொஞ்ச நேரம் குந்தி இருந்துட்டு மெதுவா இறங்கிடலாம் என்றான் அஸ்கர். அத்தா ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார், அருவி இன்னும் எவ்ளோ தூரம் என்று கேட்டார். அஃபீஃபாதான், அந்த ரெண்டு பாறை தாண்டினா வந்துரும், சத்தம் கேக்குது பாருங்க என்றாள். அவர் என்னைப் பார்த்தார். உனக்குப் பார்க்கணுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன், சிஃபா. உடம்பை நினைத்து வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று நீ சொல்வாய். அவர் முகத்தை நீ பார்த்திருந்தால் நீயும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாய். நல்லா மூச்சு ஆறும்வரை உட்கார வைத்தேன், தண்ணீர் குடிக்க வைத்தேன், அதற்கப்புறம்தான் எழுந்தோம். என் வெறுங்காலில் அவர் தோள் துண்டைச் சுற்றிக் கட்டினார். கடைசிப் பாறையில் அஸ்கர் முதலில் ஏறி அந்த நைலான் கயிற்றை ஒரு மரத்தில் சுற்றிக் கீழே விட்டான், அதைப் பிடித்துக்கொண்டு முதலில் நான், பின்னால் அவர். சரக்கு கெட்டி, கவலப்படாம இழுத்துப் புடி, நம்ம கடை கவுறு என்று கீழேயிருந்து வியாபாரம் பேசுகிறார்.

அருவி பெரிய அருவி ஒன்றும் இல்லை. மூன்று மாடிக் கட்டட உயரம் இருக்கும், கறுப்புப் பாறையில் வெள்ளையாக இறங்குகிறது, கீழே ஒரு குளம், சுற்றி மரம், ஆனால் உள்ளே போய் நின்றதும் வேறு எந்த உலகமும் இல்லை. சாரல் முகத்தில் விழுந்தது. கடைப் பையன்கள் முதலாளியைப் பார்த்ததும் தண்ணீரிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்கள், பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி. குளிங்கடா என்றார். ஓரத்தில் ஆழம் இல்லாத இடத்தில் போய், அருவியின் விளிம்பில் கொஞ்சமாகத் தெறிக்கிற இடத்தில் நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றுங்கள் என்று சொன்னால் கேட்கவில்லை, தண்ணீர் அதில் விழுந்து தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி சத்தம் போடுகிறது, அவருக்கு அது பிடித்துப் போய்விட்டது. ரஷீதா, இங்க வந்து கேளு, இங்க வந்து கேளு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்த நேரம் அஃபீஃபா எடுத்ததுதான் நீ பார்த்த ஃபோட்டோ. அதை இன்னொரு தடவை எடுத்துப் பார், ஹெல்மெட்டைப் பார்க்காதே, வாயைப் பார். உன் கல்யாணத்துக்கப்புறம் அவர் அப்படிப் பல் தெரியச் சிரித்து நான் பார்க்கவில்லை.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது, என் காலும் சேர்ந்துகொண்டது. பாதி இடம் இரண்டு பேரும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் நகர்ந்தோம், சுடிதார் பின்பக்கம் கிழிந்தே போய்விட்டது, வேனுக்கு வந்து புர்காவை மாட்டிக்கொண்டதும்தான் மானம் திரும்பியது. பிரியாணி ஆறிப்போயிருந்தது, ஆனாலும் அவர் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். வரும் வழியில் தடா பக்கத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம், மற்றவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் வேனில் இருந்தோம். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். அப்புறம் சொன்னார், ரெண்டு வருஷமா நான் போயிடுவேன், நான் போயிடுவேன்னு பயந்துக்கினே குந்தினு இருந்தேன் ரஷீதா, நீ போயிடுவியோன்னு ஒரு நாளு கூட நெனச்சதில்ல. அந்தப் பசங்க ஊதாத் துணின்னு சொன்னாங்க பாரு, அப்பத்தான் நெனச்சேன், பொண்டாட்டி ஒருத்தி பக்கத்துலயே இருந்தா, அவளப் பாக்காம இத்தப் பாத்துக்கினு இருந்துட்டேனேன்னு. இத்தை என்று சொல்லும்போது தன் நெஞ்சைக் காட்டினார். டீ ஆறுது, குடிங்க என்றேன்.

மறுநாள் முதல் வேலையாக அவரைப் பொன்னேரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், இதை நீ மனசில் வைத்துக்கொள், அம்மா ஒன்றும் விட்டுவிடவில்லை. டாக்டரம்மா ஈசிஜி எடுத்தார், எக்கோ எடுத்தார், பாறை ஏறினதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். இரண்டு வருஷம் நாற்காலியில் இருந்துவிட்டு ஒரே நாளில் மலை ஏறுவார்களா பாய், கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைப் பழக்க வேண்டாமா என்று நல்ல திட்டு. திட்டி முடித்துவிட்டு, ரிப்போர்ட் எல்லாம் நன்றாக இருக்கிறது, இனிமேல் தினமும் நடக்கவில்லையென்றால் வரவே வராதீங்க என்றார். இப்போது காலையில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு ஸ்டேஷன்வரை நடக்கிறார், அங்கே குப்புராஜோடு ஒரு டீ, சர்க்கரை இல்லாமல் என்று சொல்கிறார், நம்புகிறேன். பத்து மணிக்குக் கடை. அங்கே போய் உட்கார்ந்து இரண்டு வருஷத்துக் கணக்கெல்லாம் கேட்டு எபினேசரை ஒரே பேஜாரு பண்ணுகிறாராம், பாயை இன்னொரு தடவை மலைக்கு அனுப்புங்கக்கா என்று விக்டோரியாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான். வீட்டிலும் சும்மா இருப்பதில்லை, புளி ஏன் இந்த டப்பாவில் இருக்கிறது, மிக்ஸி ஏன் சத்தம் போடுகிறது என்று எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறார். நேற்று இரண்டு பேருக்கும் நல்ல சண்டை. சண்டை போட்டு எவ்வளவு நாளாயிற்று தெரியுமா, எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, மனசு நிறைந்திருந்தது. பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். சில நேரம் கை நெஞ்சுக்குப் போகத்தான் செய்கிறது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் சட்டைப் பையில் எதையோ தேடுகிற மாதிரி கையை மாற்றிக்கொள்கிறார், நானும் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

நோன்பு நெருங்கி வருகிறது. மருந்து சாப்பிடுகிறவர் நோன்பு வைக்கலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கிறேன், அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன் என்றார், அவர் சொல்கிறபடிதான், இவர் இஷ்டத்துக்கு இல்லை. உங்கள் ஊரில் இந்த மாசம் பகல் குறைவு என்று நியாஸ் சொன்னார், அல்லாஹ் உங்களுக்கு லேசாக்கித் தந்திருக்கிறான், ஆனால் சஹர் சாப்பிடாமல் தூங்கிவிடாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும். வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. மின்ஹாவுக்குத் தமிழ் பேசக் கொடு, போன வாரம் என்னோடு பேசும்போது இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. நியாஸுக்கு என் சலாம் சொல், உனக்குச் சமையலில் அவர் கைகொடுப்பது எனக்குச் சந்தோஷம், அதை எல்லாரிடமும் சொல்லி அவரை வெட்கப்படுத்தாதே. மசாலாப் பொடியைப் பிரித்ததும் கண்ணாடி பாட்டிலில் மாற்றிவிடு. உன் வீட்டில் பரக்கத் பெருகட்டும், உன் பிள்ளை உன் கண் குளிர வளரட்டும், நீ போகிற வழியெல்லாம் அல்லாஹ் காவலாக இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று, இதை மட்டும் மறக்காதே. இனிமேல் ஃபோன் போட்டால் எடுத்ததுமே அத்தாவிடம் மாத்திரை போட்டீங்களா, நெஞ்சு எப்படி இருக்கு என்று கேட்காதே. அதை என்னிடம் கேள், நான் ஒன்று விடாமல் சொல்கிறேன். அவரிடம், இன்னைக்கு எங்க போனீங்க அத்தா என்று கேள். அவருக்கு இப்போது சொல்ல விஷயம் இருக்கிறது.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும் அம்மா,
ரஷீதா ஹயாத் பாஷா.